பசியில்லாத பாம்பு

புதிதாக வாங்கி வந்த பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் வேதமுத்து ஓர் எலியை இறக்கிவிட்டு மூடியைப் பூட்டினார். "நம்ம வீட்டுல கூச்சப்படக் கூடாது ராஜா, நல்லா சாப்பிடு" என்று பாம்பிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

எலி மூலையில் ஒட்டிக்கொண்டது. மீசை முடிகூட நடுங்கியது.

"ஐயா, எப்போ விழுங்கப் போறீங்க?"

"பயப்படாதே" என்றது பாம்பு. "எனக்கு இடம் புதுசு. தோல் வேற உரியப் போகுது, கண்ணு மங்கிக் கிடக்கு. இந்த நேரத்துல எதுவும் உள்ளே இறங்காது. பசியே இல்லை."

எலி நம்பவில்லை. பாம்பின் நாக்கு வெளியே வரும்போதெல்லாம் துள்ளி விழுந்தது.

சாயங்காலம் வந்து பார்த்த வேதமுத்துவுக்கு ஒரே வருத்தம். "இன்னும் வெட்கம் போகலையா? சரி, எலி பக்கத்துலயே இருக்கட்டும். மனசு வரும்போது சாப்பிடு" என்று கிண்ணத்தில் தண்ணீரை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எலியின் நடுக்கம் நின்றிருந்தது. அது மூலையை விட்டு வந்து பெட்டி முழுக்க மோந்து பார்த்தது. தண்ணீர்க் கிண்ணத்தையும் பாம்பையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

மங்கிய கண்ணுக்கு ஏதோ நகர்வது மட்டும் தெரிந்தது. பாம்பு மெல்ல உடம்பைச் சுருட்டிக்கொண்டது.

"என்ன தேடுறீங்க?"

எலி அதன் வாலருகே வந்து உட்கார்ந்தது.

"உனக்குப் பசியில்லை, சரி. எனக்கு நேத்துலேருந்து யாருமே சாப்பாடு போடலையே."