ஒரு நாளைக்கு எவ்வளவு விழும்

அக்காவின் மடியில் வைத்தபோது அந்த லேப்டாப் இருப்பதே தெரியவில்லை.

ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் குறைவு என்றார் கடைக்காரம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். சக்கர நாற்காலிக்கு வழிவிட, அட்டைப்பெட்டிகளைத் தானே காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"முக்கியமா எதுக்குங்க? ஆபீஸ் வேலைக்கா?"

"பேசறதுக்கு" என்றேன்.

"வெளியூர்ல இருக்கறவங்களோடயா?"

"இல்லங்க. பக்கத்துல இருக்கற என்னோட."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், இனிமேல்தான் வாசிக்க ஏதோ வரப்போகிறது என்பதுபோல.

அக்கா குடிநீர் வாரியத்தின் புகார் எண்ணில் பத்தொன்பது வருடம் பேசியவள். தண்ணீர் வராத தெருக்களின் கோபத்தையெல்லாம் பகலில் காதில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தந்தக் குரலிலேயே எனக்குப் பேசிக்காட்டுவாள். நோய் முதலில் அவள் நாக்கைத்தான் பிடித்தது. பிறகு கால்களை, இடது கையை. இப்போது மிச்சமிருப்பது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

எழுத்தெழுத்தாகத் தட்டி என்னைத் திட்ட அவளுக்கு அது போதும்.

வீட்டில் இருப்பது என் கல்லூரிக்காலத்து லேப்டாப். இரண்டரைக் கிலோ. மேசைமேல் வைத்தால் அவள் கை ஏறாது. தொடைமேல் தலையணை போட்டு வைத்தால் கால்மணி நேரத்தில் வலியில் முகம் சுருங்கிவிடும். உடனே எடுத்துவிட வேண்டும். அநேகமாகப் பாதி வாக்கியத்தில். அவள் வாயை நானே பொத்துவதுபோல இருக்கும்.

நேற்று, 'அப்பா போன அன்னிக்கு நீ' என்பதோடு நின்றுபோனது. மீதியை இன்று காலையில் கேட்டேன்.

மறந்துபோச்சு, என்று அடித்தாள்.

விலையட்டையை என் உள்ளங்கையால் மறைத்திருந்தேன். அக்கா விரலால் என் கையைத் தட்டினாள்.

ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

அவள் புருவம் ஏறியது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு விழும்?

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்ததில்லை. செருப்பு, மிக்ஸி, என் முதல் சைக்கிள். விலையை, அது உழைக்கப்போகும் நாட்களால் வகுப்பாள். பதினோரு வருடத்துக் குடை ஒன்று, இன்னும் அசலை மீட்கவில்லை என்று ஓய்வு மறுக்கப்பட்டு, ஓட்டையோடு மழைக்குப் போய்வருகிறது.

அதனால் கணக்கோடுதான் வந்திருந்தேன்.

"அஞ்சு வருஷம் உழைக்கும்க்கா. ஒரு நாளைக்கு எண்பதுதான் விழுது."

அக்கா என்னையே பார்த்தாள். சின்ன வயதில் மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டு வந்து நின்றபோது பார்த்த அதே பார்வை.

விரல் இறங்கியது. எழுத்துகள் சொட்டுச் சொட்டாகத் திரையில் விழுந்தன.

டேய் குண்டா. யார ஏமாத்துற.

நான் தரையைப் பார்த்தேன்.

லேப்டாப் அஞ்சு வருஷம் இருக்கும். நான்?

கடைக்காரம்மா பக்கத்து அலமாரியில் இல்லாத தூசியைத் தட்டப் போய்விட்டார்.

ஒரு வருஷம்னு போடு, என்று அடித்தாள். அதுக்கு மேல ஒரு நாள் சேத்தாலும் அது திருட்டுக் கணக்கு.

போனில் போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்கு நானூறு.

அவள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் சம்பளத்தில் சரிபாதி. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவர் முழுக்க அடுக்கியிருந்த திரைகளில் ஒரே கடல், ஒரே அலை, எழும்பி எழும்பிக் கரைக்கே வராமல் திரும்பிக்கொண்டிருந்தது.

முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் உன்னத் திட்டுவேன். பாதில புடுங்கக் கூடாது. சம்மதமா?

"சம்மதம்க்கா."

அப்ப கட்டுப்படியாகும். எடு.

அவள் முகத்தில், கறாராகப் பேரம் பேசி ஜெயித்துவிட்ட களை. அந்தக் களையைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

பணம் கட்டும் இடம் கடையின் பின்கோடியில் இருந்தது. அங்கிருந்தவர் அட்டையைத் தேய்த்துக்கொண்டே, வாரண்டி ஒரு வருடம் இதோடு சேர்ந்தே வருகிறது என்றார். அதை மூன்று வருடமாக நீட்டிக்கவேண்டுமானால் தனியாகப் பதினெட்டாயிரம். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை என்றும் அவரே சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா குனிந்து திரையை வாசித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

"மூணு வருஷம் போடுங்க" என்றேன்.

பில்லை நான்காக மடித்து, காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளோடு சட்டைப்பையில் வைத்தேன். டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்துத்தான் சொன்னார். மூன்று மாதம். எல்லாம் நன்றாகப் போனால் நூறு நாள்.

அக்காவிடம், மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேன்.