பர்மிட்காரர் நேரில் வரவும்

"அவரு கார்லதான் இருக்காரு. சீட் பெல்ட் போட்டு உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள் மாவிஸ்.

நகரசபையின் பார்க்கிங் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிரெய்க் அலுப்போடு பேனாவைக் கீழே போட்டான். காலையிலிருந்து புளுகு கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது அவனுடையது. நாய்க்கு வலிப்பு என்றான் ஒருவன், பர்மிட்டைக் காற்று அடித்துக்கொண்டு போனது என்றாள் ஒருத்தி. இப்போது, புருஷனைக் காரில் பூட்டிவிட்டு வந்து நிற்கும் இந்தக் கிழவி.

"மேடம், அபராதம் உங்க கணவர் நெவில் ஹாக்ஸ்டன் பேர்ல. உங்க தெருவுல கார் நிறுத்துறதுக்கான தெருவாசி பர்மிட்டும் அவர் பேர்ல. அது காலாவதியான பிறகும் வீட்டு முன்னாடி காரை நிறுத்தியிருக்கீங்க. ஆட்சேபம் இருந்தா அவர்தான் நேர்ல வந்து சொல்லணும்."

"புதுப்பிக்கலாம்னு பார்த்தா உங்க கம்ப்யூட்டர் விட மாட்டேங்குது தம்பி. போன்ல மூணு தடவை காரணத்தைச் சொன்னேன். மூணு தடவையும், பர்மிட்காரர்கிட்டதான் பேசுவோம், அவரை லைன்ல குடுங்கன்னு வச்சுட்டாங்க."

என்ன காரணம் என்று கிரெய்க் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் அரை மணி நேரம் போகும். கம்ப்யூட்டரைத் தட்டினான். பர்மிட்டுக்கு எதிரே சிவப்பில் ஒரு வரி வந்தது: 'பதிவுப் பிரிவின் தகவல்படி, இந்த முகவரியில் இப்போது வசிக்கவில்லை. புதுப்பிக்க இயலாது.'

அப்படியா சங்கதி. புருஷன் இவளை விட்டுவிட்டு எங்கேயோ ஓடியிருக்கிறான். இவள் அவன் பேரை வைத்துக்கொண்டு சலுகையில் கார் நிறுத்தப் பார்க்கிறாள். இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

"அவர் உங்க வீட்லயே இல்லைன்னு இங்க இருக்கே மேடம்." அவன் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"இல்லைதான். கொஞ்ச நாளா வேற இடத்துல இருந்தாரு. இன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்தாரு."

"விட்றாதீங்கம்மா, இந்தத் தடவை கட்டிப் போட்டு வைங்க" என்றான் பின்னால் நின்ற தடியன். நாலு பேர் சிரித்தார்கள். கிரெய்க்கும் சிரித்தான்.

மாவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆயுசு பூரா இந்த ஊர்ல பஸ் ஓட்டின மனுஷன். ஒரு அபராதம் வாங்கினது கிடையாது. ரோட்டோரம் நிறுத்தக் கூடாதுன்னு போட்ட மஞ்சக் கோட்டுல டயர் பட்டாலே இறங்கிப் பார்த்துட்டு, மறுபடி எடுத்து நிறுத்துவாரு. காரை அங்க விட்டது நான். அவரு பேர்ல இந்த அசிங்கம் நிக்கக் கூடாது. என் பேருக்கு மாத்துங்க, இப்பவே கட்டிட்டுப் போயிடுறேன்."

கட்டுகிறேன் என்று தானாக வந்து நின்ற ஒருவரைக் கிரெய்க் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை. அதனாலேயே அவனுக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

"அவர் சம்மதிச்சாத்தான் பேரை மாத்தலாம். நீங்களா வந்து சொல்றதெல்லாம் செல்லாது. என்ன, நடக்க முடியாதா? சக்கர நாற்காலி தர்றேன், தள்ளிட்டு வாங்க."

"வேண்டாம். நானே தூக்கிட்டு வந்துடுவேன்."

"எப்படியோ வரட்டும். என் கண்ணு முன்னாடி இருக்கணும், நான் அவர்கிட்டயே கேக்கணும். அவ்வளவுதான்."

மாவிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள்.

"இனிமே இந்தப் பக்கம் வர மாட்டா, பாருங்க" என்றான் கிரெய்க், வரிசையைப் பார்த்து. தடியன் முன்னால் வந்து தன் கதையை ஆரம்பித்தான்.

அவன் கதை முடிவதற்குள் கதவு திறந்தது. தலையெல்லாம் நனைந்து மாவிஸ் வந்தாள். நனைந்துவிடக் கூடாது என்று எதையோ கோட்டுக்குள் அணைத்துப் பிடித்திருந்தாள். தடியன் தானாக ஒதுங்கி வழி விட்டான்.

கவுண்டரில் கிடந்த துண்டறிக்கைகளை அவள் ஒரு கையால் ஒதுக்கினாள். மூடி போட்ட பச்சை ஜாடி ஒன்றை எடுத்து, அலுங்காமல் அங்கே வைத்தாள். அதன் கழுத்தில் தகனக்கூடத்தின் சீட்டு தொங்கியது. அதில் நெவில் ஹாக்ஸ்டன் என்று எழுதியிருந்தது.

"வந்துட்டாரு. சம்மதமான்னு கேளுங்க."