கேமராவும் சிமிட்டுகிற ட்யூப்லைட்டும்

அந்த விளையாட்டு அரங்கில் இருந்தது பத்து ட்யூப்லைட். எரிந்தது மூன்று. அதிலும் ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. சிறுமிகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியைப் படமெடுக்க வந்த கேமராவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

"காலையிலேருந்து எடுத்த படமெல்லாம் மங்கல். ஒரு பிள்ளை முகமும் தெரியல. ஃப்ளாஷ் அடிச்சா பிள்ளைங்க மிரண்டு விழுந்துடுமாம், அதையும் போடக் கூடாதாம். உன்னை நம்பி வந்தேன் பாரு."

"என்னால முடிஞ்சது இவ்வளவுதான் அண்ணே," என்றது சிமிட்டுகிற ட்யூப்லைட். "அங்க பாருங்க, பவதாரிணி கட்டை மேல ஏறிட்டா. பல்டி அடிக்கப் போறா. போன ரெண்டு போட்டியிலயும் விழுந்தவ."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? லேட்டா புரியறவனுக்கெல்லாம் உன் பேரை வச்சுக் கூப்பிடறாங்களே, சும்மாவா?"

கேமரா திட்டிக்கொண்டே போனது. போட்டோகிராபர் பட்டனை அழுத்தியதுகூட அதற்கு உறைக்கவில்லை.

அரங்கமே கைதட்டியது. பல்டி அடித்து முடித்த பவதாரிணி, ஒல்லியான அந்தக் கட்டையின் மேல் ஆடாமல் நின்று சிரித்தாள்.

"எதுக்குக் கைதட்டுறாங்க?" என்று கேட்டது கேமரா.

ட்யூப்லைட் இரண்டு தடவை சிமிட்டியது.

"அவசரமில்ல அண்ணே. சில பேருக்கு மெதுவாத்தான் எரியும்."