குரல் முடியும் இடம்

கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஞானதிரவியத்தின் குரலைக் கேட்டு, ஒரு காலத்தில் ரோட்டோர எருமைகளே படியேறி டிக்கெட் கேட்டிருக்கின்றன. மனைவி காலமான பிறகு அந்தக் குரல், பால் பாக்கெட் போடுகிறவரிடம் "சரிப்பா" சொல்ல மட்டுமே பயன்பட்டது. அதனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, "மனுசக் குரல் எவ்வளவு தூரம் கேக்கும்னு ஆராய்ச்சி பண்றோம், நீங்க கத்துறீங்களா தாத்தா?" என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று "ரைட், போலாம்!" என்று கத்தினார். எதிர் மைதானத்தில் பிள்ளைகள் சிவப்புத் துணியைத் தூக்கினார்கள், கேட்டுவிட்டது. இன்னும் தள்ளிப் போனார்கள். மறுபடி கத்தினார், மறுபடி துணி. பிள்ளைகள் எறும்பளவு ஆனபோதுதான் அவருக்கு உறைத்தது: குரல் கேட்காத இடத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிடும், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடிவயிற்றிலிருந்து கத்தினார். தென்னையில் குரும்பை உதிர்ந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, அமுதினி, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தாத்தா, முகிலன் கள்ளாட்டம் ஆடுறான். காதுல கேக்காமலே, நீங்க எக்கிக் கத்துறதைப் பாத்தே துணியத் தூக்குறான். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் கத்துங்க."

"துணி எனக்குத் தெரியாதே கண்ணு?"

"நீங்க எதுக்குப் பாக்கணும்? நாங்கதானே எழுதிக்கணும்!"

ஓடிவிட்டாள். திரும்பினால், எதிரே திறந்த கதவு, உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதைப் பார்த்துக் கத்தினார். சுவரில் மோதி அவர் குரல் அவரிடமே வந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் துணி எழுந்ததா, பிள்ளைகள்தான் இருக்கிறார்களா, ஒரு தரம் திரும்பினால் தெரிந்துவிடும். அவர் திரும்பவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் பெரிதாக மூச்சை இழுத்தார்.