ஸ்ட்ராங் ஊசி

வார்டில் வலி மருந்து தீர்ந்துபோகும் நாட்களில் நர்ஸ் ஜெசிந்தா வெறும் உப்புத்தண்ணீரை ஊசியில் ஏற்றுவாள். “ரொம்ப ஸ்ட்ராங் ஊசி. ரெண்டே நிமிஷத்துல வலி பறந்துடும் பாருங்க” என்பாள். பறந்துதான் போனது. அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு.

இருபத்தாறு வருடம் கழித்து அதே வார்டில், எலும்புவரை பரவிய புற்றுநோயோடு அவளே படுத்திருந்தாள். அன்று அசல் மார்ஃபினே இருந்தது. அவளுக்குக் கீழே வேலை பார்த்த வளர்மதி அதை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊசியில் ஏற்றிக் குத்தினாள்.

“ரொம்ப ஸ்ட்ராங் ஊசிக்கா. ரெண்டே நிமிஷத்துல வலி பறந்துடும்.”

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். “எனக்கேவாடி?”

வளர்மதி பதறிப்போய், மார்ஃபின் என்று எழுதிய காலிக் குப்பியை எடுத்துக் காட்டினாள்.

“நானும் இப்படித்தான்டி காட்டுவேன்” என்றாள் ஜெசிந்தா. ஒரு மணி நேரம் கழித்தும் வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.