கரித்தின்னி

"இந்த ட்ரிப்பிலயும் கரி அதிகமாச்சுன்னா, நாளையிலேர்ந்து நீங்க யார்டுல பெட்டி தள்ளத்தான் போகணும். என் மேல வருத்தப்படாதீங்க, சட்டம் அப்படி" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்தப் பதவிக்கு வந்த கையோடு சட்டத்தைப் போட்டதே அவர்தான். தொடர்ந்து மூன்று மாதம் கரிப் பட்டியலில் கடைசியில் நின்றால் மெயில் வண்டி கிடையாது. டிரைவர் எத்தனையோ வருஷமாகக் கடைசியில்தான் நிற்கிறார். ஷெட்டில் அவருக்குப் பட்டப்பெயரே கரித்தின்னி.

கணக்கு எளிது. எஞ்சின் ஷெட்டுக்கு வந்ததும், அதன் பின்னால் கரி வைக்கும் தொட்டியான டெண்டரை மறுபடி நிரப்புவார்கள். எவ்வளவு பிடிக்கிறதோ, அது வந்த டிரைவர் எரித்த கரி. மற்றவர்களுக்கு முப்பது மூட்டை பிடித்தால் இவருக்கு முப்பத்துமூன்று.

'மூணு மூட்டையை வித்துடுறாரோ என்னவோ' என்று சிலர் வாய் கூசாமல் பேசினார்கள்.

அதனால்தான் இன்று கரியை எடைபோட்டு, மூட்டை மூட்டையாகவே ஏற்றியிருந்தார்கள். காலிச் சாக்குகளை எண்ண இன்ஸ்பெக்டரே எஞ்சினில் ஏறிவிட்டார்.

"நானும் இதே பாதையில ஓட்டினவன்தான். சிக்கனமா ஓட்டினதுக்குத்தான் இந்த உத்தியோகமே கொடுத்தாங்க. மனசு வச்சா முடியும்."

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கையில் யார்டுக்குத் துரத்தினால், மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது என்று டிரைவருக்குக் கவலை.

வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சின் ஷெட்டுக்குள் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சாக்குகளை இரண்டு தடவை எண்ணினார். இருபத்தொன்பது.

"பட்டியல்லயே இதுதான் கம்மி. அப்போ இத்தனை நாளா மிச்சக் கரி எங்க போச்சு?"

பதில் வருவதற்குள் பயர்மேன், பழக்கதோஷம், அடுத்த மூட்டையைப் பிரித்து அடுப்பில் வாரிப் போட ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க. அதான் வந்து சேர்ந்தாச்சே, இது யாருக்கு?"

"அடுத்து ஏறுறவருக்கு சார்." டிரைவர் தயங்கினார். "ஷெட்டை விட்டதும் ஏற்றம். தீ மெலிஞ்சு கிடந்தா, பாவம், அவங்க பயர்மேன் இடுப்பு ஒடிஞ்சிடும். நாலு மூட்டை போட்டு விட்டுட்டுப் போவோம்."

"டெண்டரை நிரப்புறது அதுக்கப்புறம்தானே? அப்போ இதுவும் உங்க கணக்குலல்ல விழும்?"

"விழும் சார்."

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். 'இருபத்தொன்பது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யார்டெல்லாம் வேண்டாம். மெயிலையே ஓட்டுங்க. இனிமே வந்து நின்னதுமே அளக்கச் சொல்றேன்."

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டருக்குத்தான் ஆறவில்லை. "அடுத்து ஏறுற ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? உங்க கரியில அவன் நல்ல பேர் வாங்கிக்கிட்டு..."

"அவங்களுக்குத் தெரியாது சார், விடுங்க" என்றார் டிரைவர் அவசரமாக.

"எப்படி விடுறது? யாரு அந்த ஆளு?"

டிரைவர் கண்ணால் ஜாடை காட்டியதை பயர்மேன் கவனிக்கவில்லை.

"இப்ப ஏறுறவர் வந்து நாலு மாசம்தான் சார் ஆச்சு. அதுக்கு முன்னாடி எட்டு வருஷமும் நீங்கதான்."