கைக்குட்டை போட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக ரஞ்சிதம் புருஷனின் மொபெட்டில் ஏறி மாசக்கணக்காகிறது. "உங்க வண்டியில உட்கார்ந்தா இடுப்பு கழண்டுபோவுது. எக்ஸ்பிரஸ் பஸ்ஸுல ஜன்னலோரம் தூங்கிட்டே போயிடலாம்" என்பாள். வாரமெல்லாம் மூட்டை தூக்குகிற சடையப்பனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை கூட்டத்தில் இவளுக்கு மட்டும் எப்படி ஜன்னலோரம் கிடைக்கிறது? இன்று வண்டியைப் பூட்டிவிட்டு அவனும் கூடவே பஸ் ஏறினான்.

ஜன்னலோர இருக்கையில் ஒரு கைக்குட்டை கிடந்தது. ரஞ்சிதம் அதை எடுத்து மடித்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். பின்னிருக்கையில் இருந்தவனும் அவளைப் பார்க்காமலே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"யாருடி அது?"

"இடம் போட்டு வைப்பாரு."

"பேரு?"

"கேட்டதில்ல."

பேரைச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு வயிறு இப்படி எரிந்திருக்காது.

அந்த ஆள் எழுந்து, "உட்காருங்கண்ணே" என்றான்.

"வேணாம். நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்."

சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்தார். "அடுத்த ஸ்டாப்பா? சந்தை வரைக்கும் இது எங்கயும் நிக்காதே!"

ரஞ்சிதம் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதே நொடியில் அந்த ஆளும் சிரித்தான்.